ஒரே ‘ப’

மனிசாலெஸ் நகரில் தெருக்கள்
ஏணியைச் சாய்த்துவைத்தது போல் ஏறும்.
அப்படி ஒரு தெருவின் நடுப்படியில்
வில்மாரின் ஹெல்மெட் கடை.
உள்ளே நிற்பவர்களில் பாதிப் பேர்
மழைக்கு ஒதுங்கியவர்கள்.

அர்செசியோ வாங்கத்தான் வந்தான்.
போன வருஷம், முகம் மூடாத ஹெல்மெட்,
வளைவில் ஈரம்,
தாடையில் ஒன்பது தையல்.
தாடி இன்றைக்கும் அந்தக் கோட்டை விட்டுவிட்டே முளைக்கிறது.
மைத்துனன் முழுமுக ஹெல்மெட் ஒன்று கொடுத்தான்.
பத்திரமானது. நான்கு நாள் போட்டான்.
நான்கு நாளும் வண்டியில் நூபியா அவனோடு பேசவில்லை.
கோபமில்லை.
வாய் தெரியவில்லை.

பிறந்தது முதல் காது கேளாதவள்.
பின்சீட்டிலிருந்து இடப்பக்கக் கண்ணாடியில்
அவன் உதட்டைப் படிப்பாள்.
அந்தக் கண்ணாடி சாலையைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது
(போலீஸிடம் சொல்லிவிடாதீர்கள்).
சிவப்பு விளக்கில் எண்கள் இறங்கி முடிவதற்குள்
வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வராத பாக்கி,
மாமியாரின் முழங்கால்,
ராத்திரிக்கு என்ன,
குடும்பமே அதற்குள்தான் நடந்தாக வேண்டும்.

ஆகவே தாடை திறக்கும் ஹெல்மெட்.
கையில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம்.
லட்சம் என்று மலைக்காதீர்கள், பெசோ.

வில்மார் மேசைமேல் இரண்டை வைத்தான்.
கறுப்பு, ஒன்று தொண்ணூறு, பக்கவாட்டில் தீ நாக்குப் படம்.
சாம்பல், இரண்டு எழுபது, படம் கிடையாது.
இரண்டிலும் சான்று ஸ்டிக்கர்.
இரண்டிலும் மூக்குக்கண்ணாடிக் காம்புக்குப் பள்ளம்.
“சத்தத்தைக் கேளுங்கள்” என்று
கறுப்பைத் திறந்து மூடினான். டக்.
சாம்பலைத் திறந்து மூடினான். டக்.
அர்செசியோவுக்கு இரண்டும் ஒரே டக்.
எண்பதாயிரம் மிச்சம்.
பர்ஸை எடுத்துவிட்டான்.

நூபியா கையை நீட்டினாள்.
காபிக்கொட்டை பொறுக்குகிற கை அது.
பூச்சி துளைத்ததைப் பார்க்காமலே ஒதுக்கிவிடும்.
கறுப்பின் தாடைமேல் இரண்டு விரல் வைத்து
மூடச் சொன்னாள். திற. மூடு. திற.
சாம்பல்மேல் வைத்தாள்.
பிறகு விரல்களையே பற்களாக்கிக் காட்டினாள்:
இது ஒரே கடி.
அது கடித்துவிட்டு, யோசித்துவிட்டு,
மறுபடியும் கடிக்கிறது.

வில்மார் கறுப்பைக் கவிழ்த்தான்.
கொக்கி உலோகமில்லை, வெள்ளிப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக்.
வலப்பக்கத்தது ஒரு மயிரிழை தாமதித்து விழுகிறது.
அவனுக்குத் தெரியாதாம்.
காது மட்டும் சிவந்துபோயிற்று.

அர்செசியோ சாம்பலைத் தலையில் ஏற்றினான்.
தாடையைத் தூக்கி,
சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்து
ஒரு சொல் சொன்னான்.
கனம் என்றுதான் சொன்னேன் என்கிறான்.
அவளோ, மழைக்கு ஒதுங்கிய அத்தனை பேர் எதிரே,
எட்டி, அந்தத் திறந்த வாசலுக்குள்
ஒரு முத்தம் வைத்தாள்.

ஸ்பானிய மொழியில் முத்தத்துக்கும் கனத்துக்கும்
காசுக்கும்கூட
உதட்டில் அதே அசைவுதான்.
தொண்டைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.
தமிழில் எழுதும் எனக்கும் வேறு வழியில்லை,
முத்தம் பெசோ, கனம் பெசோ, காசு பெசோ,
மூன்றுக்கும் என்னிடம் ஒரே ‘ப’.
தப்பாகப் படித்தாயா என்று கேட்டால்
நூபியா தோளைக் குலுக்குகிறாள்.

வில்மார் பத்தாயிரம் குறைத்தான்.
முத்தத்துக்கு இல்லை, கொக்கிக்கு என்றான்.
பாக்கி முப்பது, சனிக்கிழமை.
“ஓடும்போது மூடியே இருக்கணும்.”
அவனிடம் ஒருமுறை சொன்னான்.
அவளிடம் இன்னொரு முறை,
மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து.

வெளியே மழை விடவில்லை.
கழுத்தின்மேல் ஆயிரத்து அறுநூறு கிராம்.
முதல் சிக்னல் பச்சை.
அடுத்ததும் பச்சை.
அர்செசியோ வேகத்தைக் குறைத்தான்.
பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்தியது,
அவனுக்கு மட்டும் கேட்டது,
இன்னும் குறைத்தான்.
மூன்றாவதில், அப்பாடா,
மஞ்சள் விழுந்தது.